விசில் இல்லாத கை

அத்தியாயம் 11

லாரித் தண்ணி வருவதற்கு முன்பே குடங்கள் வந்து வரிசையில் நின்றுவிட்டன. வியாசர்பாடி குடியிருப்பின் கீழே, சுவரோரமாக, பச்சை, நீலம், ஆரஞ்சு என்று முப்பது முப்பத்தைந்து பிளாஸ்டிக் குடங்கள். சொந்தக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரிதான்.

கார்குழலி தன் வீட்டுக் குடங்கள் இரண்டையும் ஒரு அடி முன்னால் தள்ளினாள். முன்னால் இருந்த பக்கத்து வீட்டுக் குடத்தையும் சேர்த்தே தள்ளினாள். அது வழக்கம். அடுத்தவர் குடத்தை நகர்த்தலாம். ஆனால் தாண்டக் கூடாது.

நான்கு வாரத்துக்கு முன், எண்ணூர் நெடுஞ்சாலை கிரேன் யார்டில் ஆட்களுக்கு ஆங்கிலப் பாடத்தைத் தொடங்கியபோது இதைத்தான் முதல் உதாரணமாகச் சொன்னாள். "நகர்த்தலாம்னா 'மே'. தாண்டக் கூடாதுன்னா 'மஸ்ட் நாட்'. வரிசையில குடம் வெச்சே ஆகணும்னா 'மஸ்ட்'. ஆளும் கூடவே நிக்கணும்னு அவசியம் இல்லைன்னா 'டோன்ட் ஹாவ் டு'. அவ்வளவுதான் சமாச்சாரம். நீங்க எல்லாரும் தினமும் காலையில பண்றதுதான்." பதினேழு ஆண்கள், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்தார்கள். அன்றைக்கு எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது அவள் அண்ணன் பீம்ராவ்தான்.

இப்போது மூன்று நாளாக அண்ணன் அவளிடம் பேசவில்லை.

தண்ணீரோடு மேலே வந்தபோது அண்ணி ரமாபாய் டிபன் பாக்ஸில் தக்காளி சாதத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். பீம்ராவ் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். நாற்பத்தாறு வயது. காதோரம் நரை. அம்மா, அப்பா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்து, சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து மூன்று வருஷம் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டவன்.

"பரீட்சை எத்தினி மணிக்குன்னு தெரியுமான்னு கேளு அண்ணி," என்றாள் கார்குழலி.

"மூணு மணிக்குன்னு தெரியும், சொல்லு ரமா," என்றான் பீம்ராவ்.

ரமாபாய் கரண்டியை டக்கென்று வைத்தாள். "ஆறடி வூட்ல ரெண்டு பேரும் எதுத்தாப்புல குந்திகினு, நடுவுல நான் இன்னா போஸ்ட்மேனா? பேசறதுன்னா பேசுங்க, இல்லாட்டி ரெண்டு பேரும் லெட்டர் எய்துங்க. ஸ்டாம்பு நான் ஒட்றேன்."

பீம்ராவின் உதடு சிரிக்கப் பார்த்தது. அடக்கிக்கொண்டு, ஆணியில் தொங்கிய விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான்.

அந்த விசில்தான் இன்றைக்குப் பணயம். யார்டைப் புதிதாக எடுத்திருக்கும் கம்பெனி ஒரு விதி கொண்டுவந்திருந்தது. தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே வேலை செய்பவர்கள் எல்லாரும் பாதுகாப்பு விதிகளை ஆங்கிலத்தில் வாயால் சொல்ல வேண்டும். தேறாதவர்களுக்கு வேலை போகாது. ஆனால் கோட்டுக்கு வெளியே, பேக்கிங் கொட்டகையில் அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கிரேனுக்குச் சிக்னல் காட்டியவன் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பசை டப்பாவைத் தூக்க வேண்டும்.

"அவரு இன்னாதான் சொன்னாரு அன்னிக்கு, கிளாஸ்ல?" என்று ரமாபாய் கேட்டாள். "அவராண்ட கேட்டா 'வுடு'ன்றாரு. நீயாவது சொல்லேன்."

கார்குழலி சொன்னாள். கம்பெனி கொடுத்த விதிப் புத்தகத்தில் ஏழாவது விதி: ஆபத்து என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லிக் கை காட்டலாம். அவள் அதைப் படித்ததும் பீம்ராவ் எழுந்து நின்றான். விசில் இல்லாதவன் கை தூக்கக் கூடாது, இது தப்பான விதி என்றான். அவள் விளக்கினாள். அவன் கேட்கவில்லை. குரல் ஏறியது. மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் கோபம் வந்து, "பீம்ராவ், உட்காருங்க," என்றாள்.

"பேரைச் சொல்லியா?"

"கிளாஸ்ல எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்புடறேன் அண்ணி. அவரை மட்டும் அண்ணேன்னா நல்லாவா கீது?"

ரமாபாய் கார்குழலியின் பாக்ஸை மூடினாள். "பேருக்குக் கோவப்படற ஆளு இல்ல அவரு. அந்த விசில் சமாச்சாரத்துல வேற இன்னாவோ கீது. கல்யாணமான புச்சுல வூட்டுக்கு வந்தா மொத வேலையா விசிலை என் கையில குடுத்து ஊதச் சொல்லுவாரு, வெளாட்டுக்கு. அப்பால ஒருநாள் நிறுத்திட்டாரு. நான் தொட்டாகூட 'வெய்யி அத்த'ன்னாரு."

"எப்போலேர்ந்து?"

"பெரியவன் அப்போ ரெண்டாங்கிளாஸ். ஒம்போது வருஷம் இருக்கும்."

தண்டையார்பேட்டை தாண்டியதும் பஸ் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கார்குழலி ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். ஒரு விதியைப் பார்த்தால் அது ஏன் வந்தது என்று தெரியாமல் அவளுக்கு இருக்க முடியாது. சின்ன வயதில் பழைய ரேடியோவைப் பிரித்துப்போட்டு அண்ணனிடம் திட்டு வாங்கியதும் இதனால்தான். புத்தக விதிக்குக் காரணம் தெரிந்தது. அண்ணன் விதிக்கும் ஒரு காரணம் இருக்குமே? அதை அவள் கேட்கவே இல்லை. உட்காருங்க என்று மட்டும் சொன்னாள்.

யார்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், கிரேன் ஓட்டும் தங்கப்பாண்டியைத் தேடிப் போனாள். அவன் டயர் நிழலில் இட்லி தின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழப்பார்த்தான்.

"குந்துங்க. எனக்கு ஒரு சந்தேகம். மேல உட்கார்ந்தா உங்களுக்குக் கீழ பேசறது கேக்குமா?"

"இன்ஜின் சத்தத்துல எம் பேரே எனக்குக் கேக்காது டீச்சர்."

"அப்போ விசில் எதுக்கு?"

"விசில் கேக்கும். 'தோ, என்னைப் பாரு'ன்னு கூப்பிடறதுக்கு அது. பார்த்தப்புறம் கைதான் பேசும். கட்டைவெரல் மேல காட்டினா தூக்கு, கீழ காட்டினா எறக்கு. சரக்கு இந்தப் பக்கம் இருந்தா அந்தப் பக்கம் இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாது. பத்து டன் இரும்புச் சுருள் தொங்கும், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போறது. பீம் அண்ணன் கைதான் எனக்குக் கண்ணு."

"வேற ஒருத்தர் கை காட்டினா?"

"பார்க்க மாட்டேன். விசில் யார் கழுத்துல கீதோ அவரைத்தான் பார்ப்பேன். இங்க அதான் வழக்கம். டீ குடிக்கப் போனாக்கூட விசிலைக் கழட்டி அடுத்தவன் கழுத்துல போட்டுட்டுத்தான் போவாங்க."

"சரி. தப்பித்தவறி ரெண்டு பேரு கையும் ஒரே நேரத்துல உங்க கண்ணுல பட்டுடுச்சு. ஒருத்தர் தூக்குன்றாரு. ஒருத்தர் எறக்குன்றாரு. நீங்க என்ன பண்ணுவீங்க?"

தங்கப்பாண்டி இட்லியை மென்று முடிக்கும்வரை யோசித்தான். "நின்னுடுவேன்."

"ஏன்?"

"தூக்கினாலும் தப்பா ஆவலாம், எறக்கினாலும் தப்பா ஆவலாம். நின்னா இன்னா தப்பு? சும்மா தொங்கிகினு கெடக்கும்."

கார்குழலி அவன் இட்லி டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளாக முறுக்கிக்கொண்டிருந்த கயிறு ஒன்று பட்டென்று பிரிந்த மாதிரி இருந்தது.

பதினொரு மணி டீ நேரத்துக்கு அவள் மஞ்சள் கோட்டுக்கு வெளியே போய் நின்றாள். ஹெல்மெட் இல்லாமல் கோட்டைத் தாண்டக் கூடாது. அவளே கற்றுக்கொடுத்த விதி. உள்ளே பீம்ராவ் கடைசிச் சுருளை லாரியில் இறக்கிக்கொண்டிருந்தான். வலது கை மட்டும் பேசியது. விரல்கள் மெல்ல மெல்ல மூட, மேலே அத்தனை பெரிய இரும்பு அவன் சொன்ன வேகத்தில் வந்து, மரக்கட்டை மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. பிறகு விசிலைக் கழற்றி மாற்று ஆளின் கழுத்தில் போட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவளைப் பார்த்ததும் நடை தயங்கியது.

"அண்ணே, அன்னிக்கு நீ சொன்னது சரிதான்," என்றாள்.

அவன் எதிர்பார்க்கவில்லை. "இன்னாமே டீச்சர், திடீர்னு?"

"விசில் இல்லாதவன் கை காட்டினா குழப்பம் ஆவும். ரெண்டு கையைப் பார்த்தா தங்கப்பாண்டிக்கு ஒண்ணும் புரியாது. நான் உன்னைக் கேட்டிருக்கணும். கேக்காம உக்காருன்னுட்டேன்."

"பொஸ்தகத்துல தப்பா போட்டுக்கீறான்னு ஒத்துக்கினியா அப்போ?"

"புத்தகமும் சரிதான். நீ தூக்கு, எறக்குன்னு சரக்கை நகர்த்தறதைச் சொல்ற. அதுக்கு ஒரு கைதான் இருக்கணும். புத்தகம் சொல்றது நிறுத்தறதை. பத்துப் பேரு பத்துப் பக்கத்துலேர்ந்து நிறுத்துன்னாலும் குழப்பம் வராது. ஏன்னா எல்லா கையும் ஒண்ணைத்தான் சொல்லுது. நின்னா யாருக்கும் அடிபடாது. நகர்த்த ஒருத்தர், நிறுத்த எல்லாரும்."

பீம்ராவ் தன் வலது கையை முன்னால் நீட்டினான். கட்டைவிரலைக் கீழே காட்டினான். பிறகு விரல்களை விரித்து, நில் என்பதுபோல் உள்ளங்கையை நிமிர்த்தினான். மறுபடி கட்டைவிரல். மறுபடி உள்ளங்கை. இரண்டையும் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"இது வேற, இது வேறன்ற."

"ஆமா."

"ஒம்போது வருஷமா ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிகினு கீறேன்மே," என்றான். குரல் கீழே போயிருந்தது. "கை தூக்கினதே தப்புன்னு."

ஒன்பது வருஷம். காலையில் அண்ணி சொன்ன அதே கணக்கு. அவள் கேட்க வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா, பேச்சுவார்த்தை முடிஞ்சுதா? வெள்ளைக்கொடி காட்டிட்டீங்களா?"

கேட் ரிஜிஸ்தரை அக்குளில் இடுக்கிக்கொண்டு சவரிநாதன் நின்றான். ராயபுரத்துக்காரன். பீம்ராவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். முன்பு கிரேன் கொக்கியில் சங்கிலி மாட்டுகிற வேலை. வலது கையில் இரண்டு விரல் போனபிறகு கேட்டில் லாரி எண் எழுதுகிறான், இடது கையால். லாரியோடு கோட்டுக்குள்ளும் போய்வர வேண்டியிருப்பதால் அவனுக்கும் பரீட்சை உண்டு. "டீச்சரம்மா, எனக்கு 'மஸ்ட்' வந்துடுச்சு. 'மே'தான் பேஜார் பண்ணுது. மே மாசம் வெயிலு மாதிரி."

"வா தோஸ்து, டீ வாங்கித் தா," என்றான் பீம்ராவ். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு, கண்டெய்னர் பெட்டியையே ஆபீஸாக மாற்றிய அறையில் பரீட்சை தொடங்கியது. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி லுப்னா மேடம் கேள்வி கேட்டாள். சின்ன வயதுதான். தமிழ் தெரியும், ஆனால் இங்கே ஆங்கிலம் மட்டும். பழைய ரிஜிஸ்தர்கள் ஒரு அடுக்கு மேஜையில் இருந்தன. வந்த மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் படித்தவள் என்று பேச்சு. கார்குழலிக்குக் கடைசி நாற்காலி. அவள் வாய் திறக்கக் கூடாது.

இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். சவரிநாதனும் பீம்ராவும் சேர்ந்து வந்து உட்கார்ந்தார்கள்.

"உள்ளே போகும்போது என்னென்ன போட்டிருக்க வேண்டும்?" என்று லுப்னா ஆங்கிலத்தில் சவரிநாதனைக் கேட்டாள்.

"மஸ்ட் வேர் ஹெல்மெட். மஸ்ட் வேர் ஷூ. மஸ்ட் வேர் ஜாக்கெட். அண்ட் ஸ்மைல், மேடம்."

"ஸ்மைலும் மஸ்ட்டா?"

"நோ மேடம். ஸ்மைல் மே."

லுப்னா சிரித்துவிட்டாள். இன்னும் நான்கு கேள்வி கேட்டுவிட்டு டிக் போட்டாள். பிறகு பீம்ராவ் பக்கம் திரும்பினாள். கார்குழலி நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

ஹெல்மெட், கோடு, தொங்குகிற சரக்கின் கீழே நிற்கக் கூடாது. மூன்றையும் திக்கித்திக்கிச் சொல்லிவிட்டான். நான்காவதாக ஏழாம் விதி வந்தது. "நீங்கள் அன்றைக்குச் சிக்னல்மேன் இல்லை. ஆபத்தைப் பார்க்கிறீர்கள். என்ன செய்யலாம்?"

பீம்ராவ் எழுந்து நின்றான். உட்கார்ந்துகொண்டே அவனுக்குக் கை வராது.

"மூவ், ஒன் மேன்," என்றான். கட்டைவிரல் மேலே போனது, கீழே வந்தது. "விசில் மேன் ஒன்லி. அதர் மேன் மஸ்ட் நாட்." பிறகு உள்ளங்கை நிமிர்ந்தது. "ஸ்டாப், எனி மேன் மே. ஐ மே. யூ மே. ஆபரேட்டர் மஸ்ட்."

லுப்னா தலையசைத்து டிக் போடப் போனாள். அவன் முடிக்கவில்லை.

"ஆஃப்டர், ஸ்டாப் மேன் மஸ்ட் டெல். ஒய் ஸ்டாப். மஸ்ட் டெல்."

பேனா நின்றது. "கடைசியாகச் சொன்னது எங்கள் புத்தகத்தில் இல்லையே. அது ஏன்?"

கார்குழலிக்கும் தெரியவில்லை. அவள் கற்றுக்கொடுத்தது அல்ல அது. இங்கேயே நிறுத்திக்கொண்டால் போதும், தேறிவிடுவான். உட்காரு அண்ணே என்று மனசுக்குள் சொன்னாள்.

பீம்ராவ் உட்காரவில்லை. வார்த்தைகளைத் தேடினான். ஒவ்வொன்றையும் கனமான சாமானை இறக்கிவைப்பது மாதிரி வைத்தான்.

"பிகாஸ், ஒன் டே, ஐ நோ விசில். ஐ ஸீ டேஞ்சர். ஐ மே ஸ்டாப். பட் ஐ நோ ஸ்டாப்." கட்டைவிரல் கீழே திரும்பியது. "ஐ மூவ். டவுன். ஆபரேட்டர் ஸீ மை ஹேண்ட், நோ ஸீ விசில் மேன். ஒன் மேன்…" தன் வலது கையின் கடைசி இரண்டு விரல்களை மடக்கிக் காட்டினான். "டூ ஃபிங்கர் கான். அண்ட் ஐ நோ டெல். நோபடி. நைன் இயர்."

கார்குழலி சவரிநாதனின் வலது கையைப் பார்த்தாள்.

அந்த விபத்தை யார்டில் எல்லாருக்கும் தெரியும். கிரேனின் பிரேக் பழசு, அதனால் சுருள் சடாரென்று இறங்கிவிட்டது என்று அன்றைக்கு யாரோ சொன்னதையே இத்தனை வருஷமாக எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சவரிநாதனே அப்படித்தான் சொல்வான், அதையும் ஒரு ஜோக்காக.

இப்போது சவரிநாதன் ஜோக் சொல்லவில்லை. நேராக உட்கார்ந்திருந்தான். வலது கை முட்டி மேல் இருந்தது.

லுப்னா மேஜையிலிருந்த அடுக்கில் ஒரு பழைய ரிஜிஸ்தரை உருவி, புரட்டி, மூடினாள். முதல்முறையாகத் தமிழில் பேசினாள். "அந்த வருஷத்துல விபத்தே இல்லைன்னு எழுதியிருக்கு." பிறகு மறுபடி ஆங்கிலத்துக்குப் போனாள். "மிஸ்டர் பீம்ராவ், நீங்கள் பாஸ். ஏழாம் விதியை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. ஆனால்…" பேனாவைக் காகிதத்தில் வைத்தாள். "ஐ ஹாவ் டு ரைட் திஸ்."

அந்த 'ஹாவ் டு' எது என்று கார்குழலிக்குத் தெரியும். அவளே பாடம் நடத்தியிருக்கிறாள். சொல்பவருக்கு விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, வெளியிலிருந்து ஒன்று அவரைச் செய்யவைக்கிறது என்று அர்த்தம். எழுதினால் மேலே போகும். மேலே போனால் என்ன ஆகும் என்பதற்கு அவளிடம் பாடம் இல்லை.

"எய்துங்க மேடம்," என்றான் பீம்ராவ். அதை அவன் தமிழிலேயே சொன்னான்.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கடல் காற்றோடு இரும்பு வாசனையும் டீசல் வாசனையும் வந்தது. மாற்று ஆள் ஓடிவந்து, "அண்ணே, பாஸா?" என்று கேட்டு, விசிலைக் கழற்றி நீட்டினான். பீம்ராவ் வாங்கவில்லை. "இருக்கட்டும். இப்ப நீயே போட்டுக்கோ," என்று சொல்லிவிட்டு, கேட்டை நோக்கி நடந்தான்.

சவரிநாதன் அதற்குள் கேட்டுக்குப் போயிருந்தான். எப்போதும் இருவரும் சேர்ந்துதான் நடப்பார்கள்.

"சவரி," என்று கூப்பிட்டான் பீம்ராவ். பத்தடி தூரம் இருக்கும். "சவரி, நான் இன்னா சொல்றேன்னா…"

சவரிநாதன் திரும்பினான். வலது கையை நேராக நீட்டினான். உள்ளங்கை நிமிர்ந்தது. மூன்று விரல்.

பீம்ராவின் கால் அந்த இடத்திலேயே நின்றது. அவன் பின்னால் வந்த கார்குழலியும் நின்றாள். ஒரு நிமிஷம் அந்தக் கை அப்படியே இருந்தது. பிறகு இறங்கியது. சவரிநாதன் கேட் கூண்டுக்குள் போய், ரிஜிஸ்தரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் முகம் ஜன்னலில் பாதிதான் தெரிந்தது.

ஒரு லாரி வந்தது. இடது கையால் எண்ணை எழுதினான். லாரி போனது.

"அண்ணே," என்றாள் கார்குழலி மெதுவாக. "அண்ணி காத்துகினு இருப்பாங்க. வூட்டுக்குப் போய்ட்டு நாளைக்குப் பேசிக்கலாம்."

பீம்ராவ் நகரவில்லை. கழுத்தில் விசில் இல்லை. இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்று நாளுக்குப் பிறகு இப்போதுதான் தங்கையை முழுசாகத் திரும்பிப் பார்த்தான்.

"நிறுத்திக்கீறான் இல்ல?" என்றான். "நிறுத்தினவன் ஏன்னு சொல்லணும். சொல்ற வரிக்கும் நான் நிக்கறேன். நீ போ பாப்பா."

அவள் போகவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, அண்ணன் பக்கத்தில் நின்றாள். அடுத்த லாரி வந்தது.